மே வெஸ்ட்: நாற்பதை நெருங்கும்போது சினிமாவுக்கு வந்து தணிக்கைக்காரர்களைத் தூங்கவிடாத அம்மணி

#1 திண்ணைக்காரன்

மர்லின் மன்றோ பற்றிய இழையில் ஒரு நண்பர், "ஹாலிவுட்டில் கவர்ச்சியைக் காசாக்கிய முதல் ஆள் மர்லின்தான்" என்று எழுதியிருந்தார். அங்கேயே பதில் போட்டால் பேச்சு வேறு பக்கம் போய்விடும், அதனால் தனி இழை.

மர்லின் பிறந்தது 1926 ஜூனில். அதற்குச் சில வாரங்கள் முன்புதான் நியூயார்க்கில் 'செக்ஸ்' என்று ஒரு நாடகம் அரங்கேறியது. ஆமாம், பெயரே அதுதான். அந்தப் பெயரைப் போட்டு விளம்பரம் வாங்கப் பத்திரிகைகளே தயங்கின. எழுதியவர் 'ஜேன் மாஸ்ட்' என்று போட்டிருந்தார்கள். அது புனைபெயர். எழுதியவரும் கதாநாயகியும் ஒரே ஆள்: 32 வயது மே வெஸ்ட்.

1893 ஆகஸ்ட் 17 அன்று புரூக்ளினில் பிறந்தவர். அப்பா ஒரு காலத்தில் குத்துச்சண்டைக்காரர். அம்மா பவேரியாவிலிருந்து வந்த ஜெர்மன்காரர், மகளை மேடைக்குத் தள்ளியதும் அவர்தான். சின்ன வயதிலேயே உள்ளூர் அமெச்சூர் மேடை, அப்புறம் நாடகக் கம்பெனி, அப்புறம் வாடவில். ஒரே மேடையில் பாட்டு, நகைச்சுவை, வித்தை, பழக்கிய நாய் என்று வரிசையாக வந்து போகும் நிகழ்ச்சி அது. எந்த வார்த்தைக்குக் கூட்டம் சிரிக்கிறது, எந்த இடத்தில் நெளிகிறது என்பதை ஊர் ஊராகப் போய் வருஷக்கணக்கில் கற்றுக்கொண்டவர். சினிமாவுக்கு வந்தது 1932-இல். மற்ற நடிகைகளுக்கு அம்மா வேஷம் தேடி வரும் வயசு.

என் கட்சி இதுதான்: அவரைக் 'கவர்ச்சி நடிகை' என்று சொல்லி மூட்டை கட்டியது அநியாயம். படங்களைப் பாருங்கள், மார்பிலிருந்து தரை வரைக்கும் துணி. தோள் தெரியும், அவ்வளவுதான். தணிக்கைக்காரர்கள் பயந்தது அவருடைய வசனத்துக்கு. முதலில் எழுத்தாளர், அப்புறம்தான் நடிகை. மறுக்கிறவர்கள் வாங்க.

#2 புதுப்பையன்

அண்ணா, ஒரு சந்தேகம். இணையத்தில் இவர் காட்சி ஒன்றைத் துண்டாகப் பார்த்தேன். இடுப்பில் கை வைத்து நிற்கிறார், மெதுவாக நடக்கிறார், மூக்கால் பேசுகிற மாதிரி ஏதோ சொல்கிறார். இதற்கா அவ்வளவு கலவரம்? நிஜமாகவே புரியவில்லை, கிண்டல் இல்லை.

#3 ரீல்பெட்டி

தம்பி கேட்டது நியாயமான கேள்வி. திண்ணையாருக்கு வணக்கம் வைத்துவிட்டே மறுக்கிறேன்.

மே வெஸ்ட்டுக்கு வாழ்நாள் முழுக்க ஒரே வேஷம். 1890-களின் பாவாடை, வைர நகை, நான்கு ஆண்கள், நாற்பது ஜோக்கு. நல்ல ஜோக்குதான், அதில் சண்டை இல்லை. ஆனால் துணிச்சல் என்று பார்த்தால் 1933-இல் வந்த 'பேபி ஃபேஸ்' படத்தில் பார்பரா ஸ்டான்விக் செய்தது இதைவிட நூறு மடங்கு கனமானது. வங்கியின் ஒவ்வொரு மாடிக்கும் ஒவ்வொரு ஆளைப் பிடித்து ஏறுகிற பெண் அவள். அதில் சிரித்துத் தப்பிக்க வழியில்லை. மே வெஸ்ட் எல்லாவற்றையும் சிரிப்பாக்கிவிடுவதால் யாருக்கும் வலிக்காது. அவரைப் புரட்சிக்காரியாக்குவது பின்னால் வந்தவர்கள் கட்டிய கோபுரம்.

#4 மலர்க்கொடி

யாருக்கும் வலிக்காது என்றால் எதற்குச் சிறையில் போட்டார்கள் ரீல்பெட்டி சார்?

சினிமாவை விடுங்கள், 'செக்ஸ்' நாடகத்தின் கதையைப் பாருங்கள். மார்ஜி லாமாண்ட் என்று மாண்ட்ரியலில் தொழில் செய்கிற ஒரு பெண். பணக்கார வீட்டு அம்மா ஒருத்தி ரகசிய சுகம் தேடி அந்தப் பக்கம் வருகிறாள். அங்கே ஒருவன் அவளுக்கு மயக்க மருந்து கொடுத்துவிடுகிறான். உயிரைக் காப்பாற்றியது மார்ஜி. கண் விழித்த அம்மா, மானம் போய்விடுமே என்று, "இவள்தான் திருடி" என்று போலீஸிடம் கைகாட்டுகிறாள். அப்புறம் மார்ஜி கடற்படைக்காரர்கள் பின்னால் டிரினிடாட் போகிறாள். அங்கே ஒரு பெரிய வீட்டுப் பையன் இவளைக் காதலித்து, கனெக்டிகட்டில் இருக்கும் தன் வீட்டுக்கு அழைத்துப் போகிறான். வாசலில் நிற்கிற மாமியார் யார் தெரியுமா? அதே அம்மாதான்.

கடைசியில் மார்ஜி அந்த மருமகள் பதவியை உதறிவிட்டு மாலுமியோடு கிளம்பிவிடுகிறாள். பாவம் செய்தவள் செத்துப்போவாள், அல்லது அழுது திருந்துவாள் என்றுதான் அப்போதைய நாடகங்கள் முடியும். இவள் அழவும் இல்லை, சாகவும் இல்லை. பெரிய மனிதர்களுக்கு வலித்த இடம் அதுதான் என்பது என் எண்ணம்.

1927 பிப்ரவரி 9 அன்று போலீஸ் உள்ளே புகுந்தது. ஏப்ரலில் தீர்ப்பு: 10 நாள் சிறை, 500 டாலர் அபராதம். வெல்ஃபேர் தீவில் இருந்த சிறைக்கூடத்துக்கு அனுப்பினார்கள். நன்னடத்தைக்காக இரண்டு நாள் குறைத்து எட்டாம் நாள் விட்டுவிட்டார்கள். சிறை உடுப்பு உடம்பை அறுக்கிறது என்று பட்டு உள்ளாடை போட்டுக்கொள்ள அனுமதி வாங்கியதையும், சிறை அதிகாரி வீட்டில் சாப்பிட்டதையும் வெளியே வந்து நிருபர்களிடம் அவரே சொன்னார். தண்டனையை அப்படியே விளம்பரமாக்கிவிட்டார். சிறை அனுபவத்தை எழுதிப் பத்திரிகையில் கிடைத்த பணத்தை அங்கே இருந்த பெண்களுக்கு நூலகம் வைக்கக் கொடுத்தார் என்பதைப் பலர் சொல்வதில்லை.

#5 ஓய்வுபெற்ற வக்கீல்

மலர்க்கொடி அம்மா சொன்னதோடு ஒரு விஷயம் சேர்க்க வேண்டும். நாடகம் அரங்கேறியது 1926 ஏப்ரலில். போலீஸ் வந்தது அடுத்த பிப்ரவரியில். கிட்டத்தட்ட பத்து மாதம் நகரமே வந்து பார்த்துப் போன ஒரு நாடகம் திடீரென்று ஒரு ராத்திரியில் ஆபாசமாகிவிடுமா?

மேயர் ஜிம்மி வாக்கர் கேளிக்கைப் பிரியர், இதையெல்லாம் கண்டுகொள்ள மாட்டார். அவர் ஓய்வெடுக்க ஊரை விட்டுப் போயிருந்த நேரம் பார்த்துப் பொறுப்பில் இருந்த ஜோசப் மெக்கீ உத்தரவு போட்டார். ஒரே ராத்திரியில் மூன்று நாடகங்கள் மேல் கை வைத்தார்கள். அவசரத்துக்குக் காரணம் வேறு என்று நினைக்கிறேன். மே வெஸ்ட் அடுத்து எழுதிய 'தி டிராக்' என்ற நாடகம் கனெக்டிகட்டிலும் நியூஜெர்சியிலும் முன்னோட்டமாக ஓடிக்கொண்டிருந்தது. நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேக்கு வரப்போகிறது என்ற பேச்சு. அதன் கதைப்பொருள் ஆணுக்கு ஆண் மேல் வரும் ஈர்ப்பு. ஒரு நீதிபதியின் மகன், ஒரு டாக்டரின் மகளைக் கட்டியவன், ரகசியக் காதலன் கையால் சாகிறான். நீதிபதி குடும்ப மானத்துக்காக அதைத் தற்கொலை என்று மூடிவிடுகிறார். 1927-இல் இதை யார் மேடையேற்றுவார்கள்? கிரீன்விச் வில்லேஜிலிருந்து அப்படிப்பட்டவர்களையே நடிக்கக் கூட்டி வந்திருந்தார் மே வெஸ்ட். கடைசியில் அது பிராட்வேக்கு வரவே இல்லை. அரசு நினைத்தது நடந்துவிட்டது.

அந்த வருஷமே நியூயார்க் மாநிலம் ஒரு சட்டம் போட்டது. ஆபாச நாடகம் என்று தீர்ப்பானால் அரங்கையே ஒரு வருஷம் பூட்டலாம். எழுத்தாளரை உள்ளே போட்டால் அவர் பிரபலமாகிவிடுகிறார் என்று புரிந்ததும் கட்டட உரிமையாளரைப் பயமுறுத்தினார்கள். சட்டம் போடுகிறவர்களும் கெட்டிக்காரர்கள்தான்.

விசாரணையில் ஒரு சுவையான கட்டம். வசனத்தில் அவ்வளவு பிடி கிடைக்கவில்லை. ஆகவே மே வெஸ்ட்டின் நடை, பாவனை, நடனம் பற்றியே அதிகம் சாட்சி சொன்னார்கள். ஒரு துப்பறிவாளர் கூண்டில் ஏறி, அம்மணியின் தொப்புள் எந்தெந்தத் திசையில் நகர்ந்தது என்று சாட்சியம் அளித்தார். குறுக்கு விசாரணை செய்தவர் முகத்தைக் கற்பனை செய்து பார்க்கிறேன்.

#6 ரீல்பெட்டி

வக்கீல் ஐயா என் பக்கத்து வாதத்தை எனக்குப் பதில் எழுதிக் கொடுத்துவிட்டார்! வசனத்தில் பிடி கிடைக்கவில்லை, நடையில்தான் கிடைத்தது. அப்புறம் எப்படி "முதலில் எழுத்தாளர்"? அந்த வரிகளை வேறு யாராவது சொல்லியிருந்தால் ஒருவரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். அவர் நடிகைதான், பெரிய நடிகை. எழுத்து அவருக்குக் கைக்கருவி.

#7 திண்ணைக்காரன்

அந்தக் கைக்கருவியை அவரே அல்லவா செய்துகொண்டார்? தன் வாய்க்குத் தானே எழுதுகிறவர் என்ன செய்வார் என்றால், காகிதத்தில் குற்றமே இல்லாத வரியை எழுதுவார். மீதியை இழுப்பிலும் பார்வையிலும் வைத்துவிடுவார். காகிதத்தை வாசிக்கிற அதிகாரிக்கு ஒன்றும் தெரியாது. இது எழுத்துத் திறமை இல்லையென்றால் எது?

புதுப்பையனுக்கு இப்போது பதில். 1932-இல் பாரமவுண்ட் ஸ்டூடியோ கூப்பிட்டு 'நைட் ஆஃப்டர் நைட்' படத்தில் ஒரு சின்ன வேஷம் கொடுத்தது. கதாநாயகன் ஜார்ஜ் ராஃப்ட். மே வெஸ்ட் வசனத்தைப் பார்த்துப் பிடிக்காமல், தன் வசனத்தைத் தானே மாற்றி எழுதினார். அவர் உள்ளே நுழையும் காட்சியை மட்டும் பார். உடுப்பை வாங்கி வைக்கிற பெண், "கடவுளே, என்ன அழகான வைரம்!" என்கிறாள். "கடவுளுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, கண்ணு" என்று சொல்லிவிட்டு அம்மணி படியேறுகிறார்.

கவனிக்க வேண்டியது அந்தப் படிதான். வரி முடிந்ததும் வெட்டிவிட வேண்டும் என்பது இயக்குநர் ஆர்ச்சி மேயோவின் எண்ணம். தான் மாடி ஏறி மறையும்வரை கேமரா ஓட வேண்டும் என்று மே வெஸ்ட் பிடிவாதம் பிடித்ததாகச் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ஏன்? தியேட்டரில் கூட்டம் சிரித்து முடிக்க நேரம் வேண்டும், அடுத்த வசனம் சிரிப்பில் மூழ்கிவிடக் கூடாது. இருபது வருஷ மேடைக்காரருக்குத்தான் இது தெரியும். "கேமராவைத் தவிர எல்லாவற்றையும் திருடிவிட்டாள்" என்று ராஃப்டே சொன்னார்.

நீ பார்த்த துண்டில் சிரிக்கக் கூட்டம் இல்லை தம்பி, போனைப் பார்த்துக்கொண்டு நீ மட்டும் இருந்திருப்பாய். பாதி வித்தை அதில் போய்விடும்.

அடுத்தது 1933-இல் 'ஷி டன் ஹிம் ராங்'. மேடையில் 1928-இல் சக்கைப்போடு போட்ட அவருடைய 'டயமண்ட் லில்' நாடகம்தான். அந்த நாடகத்தைப் படமாக்கக் கூடாது என்று ஹாலிவுட் தணிக்கையைக் கவனித்த வில் ஹேஸ் அலுவலகம் சொல்லியிருந்ததால் லில் என்பவளை 'லேடி லூ' ஆக்கி, தலைப்பையும் மாற்றி எடுத்துவிட்டார்கள். செலவு சுமார் 2 லட்சம் டாலர். உள்நாட்டு வசூல் மட்டும் 20 லட்சத்தைத் தாண்டியது. 66 நிமிடப் படம். சிறந்த படத்துக்கான ஆஸ்கார் பரிந்துரையில் நுழைந்த படங்களிலேயே சின்னது இன்றைக்கும் அதுதான். திவாலாகவிருந்த பாரமவுண்ட்டைக் காப்பாற்றியதே அவர்தான் என்பார்கள்.

#8 ரீல்பெட்டி

இந்தக் 'காப்பாற்றினார்' கதையை எத்தனை நாளைக்குச் சொல்வீர்கள்? படம் வந்த அதே 1933 தொடக்கத்தில் பாரமவுண்ட் நீதிமன்றப் பொறுப்பாளர் கைக்குப் போய்விட்டது. திவால் நடக்கவே செய்தது. காசு கொண்டுவந்தார், ஆமாம். மூச்சு விட உதவினார், அதுவும் ஆமாம். தனி ஆளாக மலையைத் தூக்கவில்லை.

அதேபோல் அந்தப் படத்தில் கதாநாயகனாக நடித்த கேரி கிராண்ட்டைத் தெருவில் பார்த்து "இவனுக்குப் பேச வந்தால் போதும், எடுத்துக்கொள்கிறேன்" என்று கண்டுபிடித்தாராம். அந்த நேரத்தில் கிராண்ட் ஏற்கெனவே பல படம் முடித்தவர். 1932-லேயே 'ப்ளாண்ட் வீனஸ்' படத்தில் மார்லீன் டீட்ரிக்கோடு நடித்துவிட்டார். அம்மணி நல்ல கதாசிரியர் என்பதற்கு இது வேண்டுமானால் சான்று.

#9 மலர்க்கொடி

சார், கடைசி வரி நன்றாக இருக்கிறது. திண்ணையார் இதையே தன் கட்சிக்கு எடுத்துக்கொள்வார் பாருங்கள்.

ஆனால் ஒன்று, தன்னைப் பற்றிக் கதை கட்டாத நட்சத்திரம் ஹாலிவுட்டில் யார்? ஆண்கள் செய்தால் 'ஆளுமை' என்கிறோம்.

#10 திண்ணைக்காரன்

எடுத்துக்கொண்டேன், நன்றி.

சரி, தணிக்கைக்கு வருவோம். ஹாலிவுட் படங்களுக்கான ஒழுக்க விதிகள் எழுதப்பட்டது 1930-இல். ஆனால் பல் இல்லை, ஸ்டூடியோக்கள் ஒப்புக்குத் தலையாட்டிவிட்டு விருப்பப்படி எடுத்தன. 1933-இல் மே வெஸ்ட் வரிசையாக இரண்டு படம் கொடுத்தார். இரண்டாவது 'ஐம் நோ ஏஞ்சல்', அது முதலாவதைவிட அதிகம் ஓடியது. அதே நேரத்தில் கத்தோலிக்க அமைப்புகள் 'இந்தப் படங்களைப் பார்க்க மாட்டோம்' என்று மக்களிடம் உறுதிமொழி வாங்கத் தொடங்கின. 1934 ஜூலையில் ஜோசப் பிரீன் தலைமையில் விதிக்குப் பல் முளைத்தது. தணிக்கை ஒப்புதல் முத்திரை இல்லாத படத்தை வெளியிட்டால் 25,000 டாலர் அபராதம்.

மே வெஸ்ட் ஒருவரால்தான் எல்லாம் வந்தது என்று நான் சொல்லவில்லை. ரீல்பெட்டி ஓடி வருவார். ரவுடிக் கும்பல் படங்கள், அவர் சொன்ன 'பேபி ஃபேஸ்', எல்லாம் சேர்ந்துதான். ஆனால் சுவரொட்டியில் காட்ட ஒரு முகம் வேண்டுமல்லவா, அதற்கு அவர் முகம் கிடைத்தது.

அப்போது அவர் கடைப்பிடித்த தந்திரம் எனக்கு மிகப் பிடிக்கும். வெட்டப்படும் என்று தெரிந்தே படுமோசமான சில வரிகளை எழுதிக் கொடுப்பாராம். அதிகாரி அவற்றை வெட்டிவிட்டுக் கடமையைச் செய்த திருப்தியில் இருக்கும்போது, அவர் நிஜமாகவே வைத்துக்கொள்ள நினைத்த வரிகள் நழுவிப் போய்விடும். ஆடித் தள்ளுபடிக் கடைக்காரர் விலையை ஏற்றி ஒட்டிவிட்டுக் குறைக்கிற அதே கணக்கு.

#11 ஓய்வுபெற்ற வக்கீல்

'ஐம் நோ ஏஞ்சல்' பேச்சு வந்துவிட்டதால் ஒரு வார்த்தை. சிங்கத்தை ஆட்டி வைக்கும் சர்க்கஸ்காரி, கல்யாண வாக்குறுதியை மீறினான் என்று பணக்காரக் காதலன் மேல் வழக்குப் போடுகிறாள். காதலன் கேரி கிராண்ட். அவள் நடத்தையைக் கெடுக்க எதிர்த்தரப்பு அவளுடைய பழைய ஆண்களை ஒவ்வொருவராகக் கூண்டில் ஏற்றுகிறது. அவள் தன் வக்கீலை உட்கார வைத்துவிட்டு, நீதிபதியிடம் அனுமதி கேட்டு, தானே எழுந்து குறுக்கு விசாரணை செய்கிறாள். உடுப்பைச் சரிசெய்தபடி கூண்டுக்கு முன்னால் மெதுவாக நடந்து, ஒவ்வொருத்தன் யோக்கியதையையும் அவன் வாயாலேயே வரவழைக்கிறாள். ஜூரியும் நீதிபதியும் மடங்கிவிடுகிறார்கள்.

சட்டப்படி பார்த்தால் ஆயிரம் ஓட்டை. ஆனால் 1927-இல் தொப்புளைப் பற்றிச் சாட்சி கேட்டு உட்கார்ந்திருந்த பெண் ஆறு வருஷம் கழித்து எழுதிய நீதிமன்றக் காட்சி இது என்று தெரிந்து பார்த்தால் சிரிப்பு வேறு மாதிரி வருகிறது.

#12 கொக்குவிலான்

இங்கே இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். திண்ணை அண்ணை வானொலிக் கதையை விட்டுவிட்டார்.

1937 டிசம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. என்பிசி வானொலியில் எட்கர் பெர்கன் என்பவரின் பொம்மைப் பேச்சு நிகழ்ச்சி, நாடே கேட்கிற நேரம். மே வெஸ்ட் விருந்தினராக வருகிறார். ஆதாம் ஏவாள் பற்றி ஒரு சின்ன நாடகம், எழுதியவர் ஆர்ச் ஓபொலர். ஆதாமாக டான் அமீச்சி, ஏவாளாக இவர். ஏதேன் தோட்டம் சலித்துப்போய் ஏவாள்தான் வெளியே போக வழி தேடுகிறாள். அதற்குப் பிறகு சார்லி மக்கார்த்தி என்ற மரப்பொம்மையோடு கொஞ்சல். மரப்பொம்மையோடுதான்!

ஒலிபரப்பு முடிந்ததும் கண்டனக் கடிதங்கள் குவிந்தன, அரசாங்க ஒலிபரப்பு ஆணையமே விளக்கம் கேட்டது. என்பிசி அவரைத் தடை செய்தது. தன் நிலையங்களில் பெயரைக்கூடச் சொல்லக் கூடாது என்றது. அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் அளவில் அவர் வானொலிப் பக்கம் இல்லை. ஆனால் அந்த எழுத்து முழுக்க முன்கூட்டியே நிலையத்தார் வாசித்து ஒப்புதல் கொடுத்தது. உடம்பே தெரியாத வானொலி. வரிகளும் இவர் எழுதியவை இல்லை. அப்படியென்றால் குற்றம் எங்கே இருந்தது? குரலில். இந்த இடத்தில் நான் ரீல்பெட்டி அண்ணை பக்கம்தான் சாய்கிறேன்.

இன்னொரு சங்கதி. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படைக்காரர்கள் தங்கள் மிதவை அங்கிக்கு 'மே வெஸ்ட்' என்று பெயர் வைத்தார்கள். காற்றடித்தால் நெஞ்சுப் பக்கம் பெருக்கும், அதனால். அந்தப் பெயர் அகராதியிலேயே ஏறிவிட்டது. சிறையில் போட்ட பெண்ணின் பெயரைச் சொல்லிக்கொண்டு கடலில் உயிர் தப்பியவர்கள் எத்தனை பேரோ.

#13 புதுப்பையன்

மரப்பொம்மைக்கே தடையா!

#14 மலர்க்கொடி

எல்லாரும் புகழ்கிறீர்கள், எனக்குக் கொஞ்சம் உறுத்துகிற ஒன்றையும் சொல்கிறேன். அந்தப் படங்களில் அவருக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு கறுப்பினப் பணிப்பெண் நிற்பாள். 'ஷி டன் ஹிம் ராங்' படத்தில் லூயிஸ் பீவர்ஸ். நல்ல நடிகை, ஆனால் வேலை என்ன? எஜமானி ஜோக் சொல்லத் தோதாக ஒரு கேள்வி கேட்பது. அடுத்த படத்தில் திராட்சைத் தோலை உரிக்கச் சொல்கிற புகழ்பெற்ற வரி இருக்கிறதே, அதுவும் பணிப்பெண்ணுக்கு இடும் கட்டளைதான். அவரோடு உட்கார்ந்து சிரித்துப் பேசுகிறார், தோழி மாதிரி என்று சிலர் வாதிடுவார்கள். தோழிதான், ஆனால் தோல் உரிப்பது எப்போதும் ஒரே ஆள்.

மறுபக்கமும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். 1934-இல் 'பெல் ஆஃப் த நைன்டீஸ்' எடுத்தபோது கறுப்பின ஜாஸ் கலைஞர் டியூக் எலிங்டனின் இசைக்குழுதான் வேண்டும் என்று ஸ்டூடியோவிடம் பிடிவாதமாக நின்று வாங்கினார். திரையில் அவர்கள் வாசிக்க இவர் பாடுகிறார். அந்தக் காலத்தில் அது சாதாரணம் இல்லை. அவருடைய பாட்டு, ஆட்டம், நடை எல்லாமே கறுப்பினக் கலைஞர்களின் இரவு விடுதிகளில் பார்த்துப் படித்தவை. 1918-இல் மேடையில் ஆடிப் பெயர் வாங்கிய 'ஷிம்மி' ஆட்டம் சிகாகோ விடுதிகளில் கற்றது என்று அவரே சொல்லியிருக்கிறார். கடனை ஒப்புக்கொண்டது நல்லதுதான். வட்டி யாருக்குப் போனது?

#15 திண்ணைக்காரன்

மலர்க்கொடி, இதற்கு என்னிடம் பதில் இல்லை, சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டியதுதான். ராவன்ஸ்வுட் குடியிருப்புக் கதை கேள்விப்பட்டிருப்பீர்கள். அவருடைய நண்பர், கறுப்பினக் குத்துச்சண்டை வீரர் கொரில்லா ஜோன்ஸை உள்ளே விட மாட்டோம் என்றதால் கட்டடத்தையே விலைக்கு வாங்கிவிட்டார் என்பார்கள். இதைக் கதையாகவே வைத்துக்கொள்ளுங்கள், நான் சாட்சி சொல்ல மாட்டேன். ஜோன்ஸுக்கு அவர் ஆதரவாக இருந்தது நிஜம். அந்தக் குடியிருப்பில்தான் ஹாலிவுட் வந்த நாளிலிருந்து கடைசிவரை இருந்தார் என்பதும் நிஜம்.

#16 ரீல்பெட்டி

சரிவைப் பற்றி யாரும் பேசக் காணோம். 1935-இல் அமெரிக்காவிலேயே அதிகச் சம்பளம் வாங்கியவர்களில் இரண்டாவது ஆள் இவர், 4,80,833 டாலர். முதல் ஆள் பத்திரிகை முதலாளி வில்லியம் ராண்டால்ஃப் ஹர்ஸ்ட். மறு வருஷம் 'க்ளாண்டைக் ஆனி' வந்தபோது அதே ஹர்ஸ்ட்தான் தன் பத்திரிகைகளில் விளம்பரமே போடக் கூடாது என்று உத்தரவிட்டார். சமய ஊழியப் பெண்ணின் வேஷத்தில் தப்பி ஓடுகிறவள் கதை, கோபம் வந்துவிட்டது. மனைவி ஒரு பக்கம் இருக்க நடிகை மரியன் டேவிஸோடு குடித்தனம் நடத்திய பெரிய மனிதருக்குத்தான் இந்த ஒழுக்கக் கோபம். அதில் நான் அம்மணி பக்கம்.

ஆனால் 1938-இல் தியேட்டர்காரர்கள் 'வசூலுக்கு விஷம்' என்று நட்சத்திரங்களின் பெயரைப் போட்டு விளம்பரம் கொடுத்தபோது அதில் இவரும் இருந்தார். கார்போ, டீட்ரிக், கேத்தரின் ஹெப்பர்ன் எல்லாரும் இருந்தார்கள். ஹெப்பர்ன் வேறு மாதிரிப் படம் செய்து மீண்டு வந்தார். மே வெஸ்ட் மீளவில்லை. பிரீன் மட்டுமா காரணம்? அதே லில், அதே இடுப்பு, அதே இழுப்பு. தன்னைத் தவிர வேறு ஆளை எழுத அவருக்கு வரவில்லை. எழுத்தாளர் என்றீர்களே, எழுத்தாளருக்கு இது குறைதானே?

#17 திண்ணைக்காரன்

'தி டிராக்' நாடகத்தில் அவர் நடிக்கவே இல்லை, அதில் அவருக்கு வேஷமும் இல்லை. வேறு ஆளை எழுத வராது என்பது எப்படிச் சரியாகும்? சினிமாவில் லில்லை மட்டும்தான் வாங்கினார்கள், அதனால் லில்லை மட்டும் விற்றார்.

1940-இல் நகைச்சுவை நடிகர் டபிள்யூ. சி. ஃபீல்ட்ஸோடு 'மை லிட்டில் சிக்கடீ' செய்தார். திரைக்கதை எழுதியது இருவரும் என்று பெயர் போட்டதில் கடைசிவரை அவருக்குக் கோபம். எழுத்தில் பெயர் போடுவதற்குச் சண்டை பிடிக்கிறவரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

#18 புதுப்பையன்

கல்யாணம் செய்துகொண்டாரா?

#19 ஓய்வுபெற்ற வக்கீல்

அதுவும் ஒரு கேஸ்தான் தம்பி. 1911-இல், 17 வயதில், மில்வாக்கியில் ஃபிராங்க் வாலஸ் என்ற மேடைக்காரரை ரகசியமாகக் கட்டிக்கொண்டார். சீக்கிரமே பிரிந்துவிட்டார்கள், வீட்டாருக்கே தெரியாது. 1935-இல் பழைய பதிவேட்டைப் புரட்டிய ஒரு குமாஸ்தா கண்ணில் பட்டு, செய்தி வெடித்தது. "நான் இல்லை" என்று முதலில் சாதித்தார். வாலஸ் நீதிமன்றம் போனதும் 1937-இல் ஒப்புக்கொண்டார். விவாகரத்து 1940-களில்தான் முடிந்தது. கல்யாணத்தையே கேலி செய்து சம்பாதித்த காலம் முழுக்க அவர் சட்டப்படி சுமங்கலி!

#20 கொக்குவிலான்

ஹா ஹா. வக்கீல் ஐயாவுக்கு இந்த இழையில் நல்ல வேட்டை.

1954-இல் லாஸ் வேகஸில் அவர் நடத்திய மேடை நிகழ்ச்சியையும் சொல்லவேண்டும். அறுபது வயசு. சுற்றிலும் கட்டுமஸ்தான பயில்வான்கள் அரைக்கச்சையோடு நிற்க, நடுவில் இவர் முழு உடுப்போடு நின்று ஒவ்வொருத்தரையும் நோட்டம் விடுவார். பெண்களை வரிசையாக நிறுத்தி ஆண்கள் பார்க்கிற ஊரில் அதைத் தலைகீழாக்கிக் காசு பார்த்தார். கூட்டத்தில் பெண்கள்தான் விழுந்து விழுந்து சிரித்தார்களாம்.

#21 புதுப்பையன்

சரி, கூட்டம் இல்லாவிட்டாலும் ஒரு படம் முழுசாகப் பார்க்கிறேன். எதில் தொடங்க?

#22 ஓய்வுபெற்ற வக்கீல்

'ஐம் நோ ஏஞ்சல்'. நீதிமன்றக் காட்சிக்காக.

#23 திண்ணைக்காரன்

'ஷி டன் ஹிம் ராங்'. 66 நிமிடம்தானே. அது முடிந்ததும் அதே ராத்திரி வக்கீல் ஐயா சொன்னதையும் பார்த்துவிடலாம். தனியாகப் பார்க்காதே, நாலு பேரைக் கூட்டிக்கொள்.

#24 ரீல்பெட்டி

இரண்டும் சரி. ஆனால் பழக்க தோஷத்தில் 1978-இல் வந்த 'செக்ஸ்டெட்' பக்கம் மட்டும் போய்விடாதே. 84 வயதில் புது மணப்பெண், மாப்பிள்ளை பின்னால் ஜேம்ஸ் பாண்ட் ஆன திமோதி டால்ட்டன். 1980-இல் அவர் காலமாவதற்கு முன் கடைசிப் படம். அதற்கும் கதை யாருடைய நாடகத்திலிருந்து என்று திண்ணையார் இப்போது வந்து சொல்வார் பார்.

#25 திண்ணைக்காரன்

அவர் எழுதிய நாடகம்தான்.